வரப்பில் தொடங்கி உயர் நீதிமன்றத்தில் தேங்கும் வழக்குகள்

புனே மாவட்டத்தில் நிலம் மீண்டும் தலைப்புச் செய்தியாகியிருக்கிறது. 2025 மே மாதம், புரந்தர் விமான நிலையத்துக்காக நிலத்தை அளக்க முயன்றபோது விவசாயிகளுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டது. அதே ஆண்டு நவம்பரில், நகருக்குள் முண்ட்வா பகுதியில் சுமார் 40 ஏக்கர் மகார் வதன் நிலத்தை 300 கோடி ரூபாய்க்குக் கைமாற்றிய பத்திரம் குற்ற வழக்காக மாறியது. (பழைய கிராம ஊழியத்துக்கு ஈடாக விடப்பட்டு, அரசின் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட மானிய நிலமே வதன் நிலம்.)

இவற்றுக்கு நாளிதழில் இடமும் சட்டமன்றத்தில் குரலும் கிடைத்துவிடுகின்றன. முள்ஷி, மாவள், ஷிரூர், தௌண்ட், இந்தாபூர் தாலுகாக்களின் கிராமங்களில் ஒரு முழ வரப்புக்கும் ஒரு வண்டிப்பாதைக்கும் மூளும் அடிதடிகளுக்கு அந்த யோகம் இல்லை. அவை காவல் நிலையத்தில் குற்ற வழக்காகப் பதிவாகி, சிவாஜிநகரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தண்டனையோ விடுதலையோ பெற்று, மும்பை உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் மேல்முறையீடாகக் காத்துக்கிடக்கும்போதும், வரப்புத் தகராறு மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

குற்றவியல் மேல்முறையீடு என்பது, குற்ற வழக்கில் ஒரு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அதற்கு மேலுள்ள நீதிமன்றம் சாட்சியங்களோடு மறுபடி எடைபோட்டுப் பார்ப்பதாகும். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் அதிகாரமுள்ள முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்கும், அமர்வு நீதிமன்ற விசாரணையில் விதித்த தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம்.

தண்டிக்கப்பட்டவருக்கு மட்டும் உரியதாக இவ்வழி இப்போது இல்லை. 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, எதிரிகள் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உயர் நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியது. ஆகவே நிலச் சண்டையில் அடித்தவர், அடிபட்டவர் ஆகிய இரு தரப்புக்குமே மேலே ஏறிச் செல்லப் படிக்கட்டு உண்டு. அந்தப் படிக்கட்டின் உச்சியில் நிலம் கிடைக்காது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பாவ்பந்தகி என்னும் பழைய நோய்

மராத்தியில் 'பாவ்பந்தகி' என்றொரு சொல் உண்டு. தமிழில் பங்காளிப் பகை, பங்காளிக் காய்ச்சல் என்று சொல்வதற்கு அது நேரானது. 1773 ஆகஸ்ட் 30 அன்று புனேயின் ஷனிவார் வாடா அரண்மனையில் பேஷ்வா நாராயணராவ் கொல்லப்பட்டதையும், அவருடைய சிற்றப்பா ரகுநாதராவே குற்றவாளி என்று தலைமை நியாயாதிபதி ராமசாஸ்திரி பிரபுணே அறிவித்ததையும் வைத்து காடில்கர் எழுதிய மராத்தி நாடகத்துக்கும் அதுவே பெயர். ராமசாஸ்திரியின் முடிவுக்கு மேல்முறையீடு இருக்கவில்லை. அது நிறைவேறவும் இல்லை என்பது வேறு கதை.

இன்றைய பாவ்பந்தகிக்குக் காரணம் அரியணை ஆசையன்று, குண்டா கணக்கு. ஒரு குண்டா என்பது 1,089 சதுர அடி, அதாவது சரியாக இரண்டரை சென்ட். 40 குண்டா சேர்ந்தால் ஓர் ஏக்கர். விளைநிலம் மிகச் சிறு துண்டுகளாகச் சிதறுவதைத் தடுக்க 1947-ல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட அளவுக்குக் கீழான துண்டுகளைப் பிரிப்பதற்கும் விற்பதற்கும் தடை விதித்தது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் நிலம் நான்காகப் பிரியாமல் இருந்ததில்லை. பத்திரம் போட முடியாத பாகப்பிரிவினை வாய்மொழியாகவோ வெள்ளைத்தாளிலோ நடந்தது. நகரை ஒட்டிய இடங்களில் குண்டா குண்டாகக் கூறுபோட்டு விற்ற முறைக்கே 'குண்டேவாரி' என்று பெயர் ஏற்பட்டு, அதை வரைமுறைப்படுத்த 2001-ல் தனிச் சட்டமும் வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் நகரம் கிராமத்தை நோக்கி நடந்து வந்தது. முள்ஷி தாலுகாவைச் சேர்ந்த ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2017-ல் 11 கிராமங்களும் 2021-ல் 23 கிராமங்களும் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. சோளம் விளைந்த காலத்தில் ஒரு முழம் விட்டுக்கொடுத்த அண்ணன், அதே ஒரு முழத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை வந்ததும் விட்டுக்கொடுக்கவில்லை. நிலத்தை விற்ற பணத்தைத் தொலைத்த இளைஞர்கள் அடியாட்களாக மாறிய அவலத்தை 2018-ல் 'முள்ஷி பேட்டர்ன்' என்ற மராத்திப் படம் ஊரறியச் சொன்னது. 2024 ஜூலையில், முள்ஷியில் ஒரு நிலத் தகராறின்போது விவசாயிகளை நோக்கி ஒருவர் துப்பாக்கியைக் காட்டிய பழைய காணொளி வெளியாகி, பௌட் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானபோது, அப்படத்தை நினைவுகூராத புனேவாசி அரிது.

சாத்-பாரா சொல்வதும் சொல்லாததும்

மகாராஷ்டிர விவசாயிக்கு நிலம் என்றால் 'சாத்-பாரா'. மராத்தியில் சாத் என்றால் ஏழு, பாரா என்றால் பன்னிரண்டு. கிராமக் கணக்கின் 7-ஆம் படிவமும் 12-ஆம் படிவமும் சேர்ந்த ஒரே தாள் அது. ஏழாம் படிவம் தமிழ்நாட்டின் பட்டா, சிட்டாவைப் போல் உரிமையாளரைச் சொல்லும். பன்னிரண்டாம் படிவம் அடங்கலைப் போல் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று சொல்லும். இதை எழுதி வைத்தவர், தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒப்பான தலாட்டி.

அந்தத் தாளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் குற்ற வழக்கின் விதை அதிலேயே கிடப்பது தெரியும். கிராமத்தின் பெயர், தாலுகா, 'கட்' எண் எனப்படும் நில எண் ஆகியவற்றின் கீழ் அண்ணன் தம்பி நால்வரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 40 ஆர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், என்று பரப்பு இருக்கும். பட்டா மாறுதலைக் குறிக்கும் 'ஃபேர்ஃபார்' எண்ணும் இருக்கும். அந்த 40 ஆர் கிணற்றுப் பக்கமா, சாலைப் பக்கமா என்பது மட்டும் எங்குமே இராது. உட்பிரிவை அளந்து வரைபடம் வைக்காத நிலத்தில் யாருடைய பங்கு எங்கே முடிகிறது என்பதை வேப்பமரமும் பழைய வரப்பும் பெரியவர்களின் நினைவுமே சொல்ல வேண்டும். மரம் வெட்டுப்படும், வரப்பு டிராக்டரில் கரையும், பெரியவர்கள் போய்ச் சேர்வார்கள்.

இத்தாளுக்குச் சட்டத்தில் உள்ள மதிப்பும் அளவானதே. மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டம், 1966, இப்பதிவு தவறென்று காட்டப்படும் வரை சரியென்றே கொள்ளச் சொல்கிறது. ஆனால் பெயர் மாற்றப் பதிவு வரி வசூலுக்கானதே தவிர அதனால் மட்டும் சொத்துரிமை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. சாத்-பாராவைக் கையில் பிடித்துக்கொண்டு "இது என் நிலம்" என்று மண்வெட்டியோடு இறங்குபவர் பலர் இந்த வேறுபாட்டை நீதிமன்றக் கூண்டில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடிதடி வழக்காகும் விதம்

வரப்பில் நடக்கும் சண்டையில் பெரும்பாலும் இரு தரப்புக்கும் காயம் இருக்கும். முதலில் காவல் நிலையம் சேர்ந்தவர் புகார்தாரராகவும் அடுத்து வந்தவர் எதிரியாகவும் ஆகிவிடுவதால், யார் முதலில் போகிறார் என்பதே பாதி வழக்கு. இரு தரப்பும் புகார் கொடுத்தால் அது வழக்கும் எதிர்வழக்குமாகும்.

அத்துமீறி நிலத்தில் நுழைந்ததற்கு மட்டும் என்றால் தண்டனை மூன்று மாதத்தைத் தாண்டாது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவு சேர்கிறது. அதன்படி, கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு அங்கிருந்த அனைவரும் பொறுப்பு. பழைய தண்டனைச் சட்டத்தில் 149 என்றும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 190 என்றும் எண்ணிடப்பட்ட இந்த ஒரு பிரிவால், சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகளும் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் கொலை முயற்சி வழக்கில் சேர்க்கப்பட்டுவிட முடியும். கூட்டமாக நடந்த குற்றத்தில் ஒருவரைத் தண்டிக்கும் முன் இரண்டு மூன்று சாட்சிகளாவது அவரைப் பற்றி ஒரே சீராகச் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது என மசால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே அறிவுறுத்தியதற்குக் காரணம், ஊர்ப்பகையில் வேண்டாதவர் பெயர்களையெல்லாம் புகாரில் எழுதும் பழக்கம்தான்.

எதிர்வழக்கைக் கையாள்வதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல மரபு உண்டு. சென்னைக் காவல் நிலை ஆணை 588-ஏ, இரு தரப்புப் புகார்களையும் ஒரே அதிகாரி விசாரித்து, எது உண்மை என்று தேர்ந்து, அதற்கேற்ப இறுதி அறிக்கை தர வேண்டும் என்கிறது. நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, இரண்டு வழக்குகளையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்து இரண்டுக்கும் தனித்தனியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1990-ல் நத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. இவை பின்பற்றப்படாத வழக்குகள் மேல்முறையீட்டில் பாதிக் கதையோடு வந்து நிற்கின்றன. மறுபாதி வேறொரு கட்டில், வேறொரு நீதிமன்றத்தில் தூங்குகிறது.

சுவாதீனம் என்னும் அச்சாணி

இவ்வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிபதி தேடும் விடை ஒன்றே: சம்பவ நாளில் நிலம் யாருடைய சுவாதீனத்தில், அதாவது நேரடி அனுபவத்தில், இருந்தது? உடலைக் காப்பதைப் போலவே சொத்தைக் காக்கவும் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் தற்காப்பு உரிமையைச் சட்டம் ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. அந்த உரிமை பத்திரம் வைத்திருப்பவருக்கு என்பதைவிட, நிலத்தை உறுதியாக அனுபவித்து வருபவருக்கே முதலில் உதவுகிறது.

டெல்லியைச் சேர்ந்த முன்ஷி ராம் வழக்கு இதற்கு முன்னோடி. நெடுங்காலக் குத்தகைதாரர் அனுபவித்து வந்த நிலத்தைக் காகிதத்தில் ஒப்படைப்பு நடந்ததாகக் காட்டி, புதிதாக வாங்கியவர்கள் டிராக்டருடன் வந்தபோது அடிதடி நடந்தது, தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். அதிகாரி எழுதிக்கொடுத்த ஒப்படைப்பால் உண்மையான சுவாதீனம் மாறிவிடவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

1975-ல் பஞ்சாபிலிருந்து வந்த பூரண் சிங் வழக்கில் அந்நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், உரிமையில்லாமல் நுழைந்தவரின் அனுபவம்கூட எப்போது 'நிலைத்த சுவாதீனம்' ஆகும் என்று அளவுகோல் வகுத்தது: போதிய காலம் நேரடியாக அனுபவித்திருக்க வேண்டும், அது உரிமையாளருக்குத் தெரிந்தோ, மறைவின்றியோ நடந்திருக்க வேண்டும், உரிமையாளர் வெளியேற்றப்பட்டது முடிந்துபோன செயலாகி, அவரும் அதை ஏற்றிருக்க வேண்டும், விளைநிலமானால் நுழைந்தவர் பயிரிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பயிர் நின்றால், உண்மையான உரிமையாளரே ஆனாலும் அதை அழித்துக்கொண்டு பலவந்தமாக நுழைய உரிமையில்லை; அவர் போக வேண்டிய இடம் நீதிமன்றம். பன்னிரண்டாம் படிவத்தில் தலாட்டி எழுதிய ஒரு வரிப் பயிர்க்கணக்கு ஒருவரின் ஆயுள் தண்டனையை நிர்ணயிக்கும் அளவுக்குக் கனமாவது இங்கேதான்.

தற்காப்பு எல்லை மீறினால் அது கொலையிலிருந்து, கொலையாகாத மரணம் விளைத்தல் என்னும் குறைந்த குற்றமாக இறங்கும். நிலத் தகராறு மேல்முறையீடுகளில் அடிக்கடி காணப்படும் முடிவு இதுவே. இந்த எல்லையைப் பற்றிய மதிப்பீடு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் எவ்வளவு மாறும் என்பதை, பஞ்சாபில் நிலத் தகராறிலிருந்து எழுந்த தர்ஷன் சிங் வழக்கு காட்டுகிறது. 1991-ல் நடந்த சம்பவத்துக்கு விசாரணை நீதிமன்றம் தற்காப்பு என்று விடுதலை அளித்தது. உயர் நீதிமன்றம் கொலை என்று தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் மறுபடி தற்காப்பே என்றது. இடையில் ஓடியது ஏறத்தாழ 19 ஆண்டு.

பத்திரத் தகராறுக்குக் காவல் நிலையம்

அடிதடியே இல்லாமல் குற்ற வழக்காகும் நிலத் தகராறு இன்னொரு வகை. தனக்குப் பாத்தியமில்லாத நிலத்தை ஒருவர் விற்றுவிட்டார் என்றவுடன் மோசடி, போலி ஆவணம் என்ற பிரிவுகளில் புகார் எழுதப்படுகிறது. தன் பெயரிலேயே, தனக்கு உரிமை இருப்பதாகச் சொல்லி ஒருவர் எழுதிக்கொடுத்த பத்திரம், அவருக்கு உரிமை இல்லாமல் போனாலும், சட்டப்படி 'போலி ஆவணம்' ஆகாது என்றும், ஏமாற்றப்பட்டவர் என்று புகார் கொடுக்கக்கூடியவர் பணம் கொடுத்து வாங்கியவரே என்றும் 2009-ல் முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வேறொருவராக ஆள்மாறாட்டம் செய்து கையெழுத்திட்டால் அது போலி. தவறான உரிமை கோரினால் அது உரிமையியல் வழக்கு.

கோடு இவ்வளவு தெளிவாக இருந்தும் காவல் நிலையத்துக்குப் போகும் ஆசை தணியவில்லை. உரிமையியல் வழக்கு தலைமுறை தாண்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சம் பொய்யும் அன்று. கோயில் விழா மரியாதை பற்றி 1205-ல் மூதாதை தொடுத்த வழக்குக்கு 761 ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரல் 28 அன்று புனேயில் சாதகமான தீர்ப்பு வந்ததாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்றாலும், அது புனேயின் பேரில் பதிவானதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 2016-ல் தக்ஷ் அமைப்பு நடத்திய ஆய்வில், உரிமையியல் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம், சொத்து பற்றியவை என்று தெரியவந்தது.

பணத்தையோ நிலத்தையோ மீட்கக் குற்ற வழக்கை நெருக்கடிக் கருவியாக்கும் போக்கை 2006-ல் இந்தியன் ஆயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2025 ஏப்ரலில் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, உத்தரப் பிரதேசத்தில் உரிமையியல் விவகாரங்கள் குற்ற வழக்குகளாக மாற்றப்படுவதைக் கடுமையாகச் சாடினார். நெருக்கடி தந்து பயனும் இல்லை: குற்ற வழக்கில் வரும் முடிவு உரிமையியல் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று, உயில் தகராறொன்றில் எழுந்த இக்பால் சிங் மர்வா வழக்கில் 2005-ல் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. மேல்முறையீடு வரை போய் வென்றாலும் பாகப்பிரிவினை வழக்கை முதலிலிருந்து நடத்தித்தான் ஆக வேண்டும்.

காத்திருப்பின் விலை

தண்டனை கிடைத்த நாளிலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாளும் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாளும் மேல்முறையீட்டுக் கெடு. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனையானால், ஜாமீனில் இருந்தவரை மேல்முறையீடு செய்யும் வரை விசாரணை நீதிமன்றமே வெளியில் விடலாம். அதற்கு மேற்பட்டால் தண்டனையை நிறுத்திவைக்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். அது மறுக்கப்பட்டால், மேல்முறையீடு விசாரணைக்கு வரும் முன்பே தண்டனையின் பெரும்பகுதியை அனுபவித்து முடிக்கும் நிலை வரும்.

கொல்ஹாபூரில் மும்பை உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு 2025 ஆகஸ்ட் 18 முதல் இயங்குகிறது. சதாரா, சாங்லி, சோலாப்பூர் உள்ளிட்ட ஆறு மாவட்டங்கள் அதன்கீழ் வந்தன. மதுரைக்கு 2004-ல் கிடைத்ததைப் போன்ற நிம்மதி அம்மாவட்டங்களுக்குக் கிடைத்தது. நெடுநாள் கேட்டுவந்த புனே மட்டும் மும்பையுடனேயே நிற்கிறது. இந்தாபூர்க் கிராமத்துக்காரர் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாளே புனே வந்து தங்கி, காலை 7.15 மணி டெக்கான் குயினைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் கூலி, ரயில் கட்டணம், நகல் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றுக்கு அடகு போவது, எதற்காகச் சண்டை நடந்ததோ அந்த நிலமே.

செலவு பணத்தோடு நிற்பதில்லை. வழக்கில் சேர்க்கப்பட்ட பேரனுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பில் வேலையும் பாஸ்போர்ட்டும் தடைபடுகின்றன. மேல்முறையீடு செய்தவர் இறந்தால் சிறைத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு அற்றுப்போகும். களங்கத்தைத் துடைக்க விரும்பும் நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டுத் தொடரலாம். அபராதத்துக்கு எதிரான மேல்முறையீடோ அற்றுப்போவதில்லை. நிலத்தோடு வழக்கும் வாரிசுச் சொத்தாகிறது.

மேலே போனால் முடிவு தலைகீழாகவும் மாறலாம். சென்னையில் 2013 செப்டம்பரில் வெட்டிக் கொல்லப்பட்ட நரம்பியல் மருத்துவர் சுப்பையாவின் வழக்கில், குமரி மாவட்டம் அஞ்சுகிராமத்து நிலத் தகராறே காரணம் என்றது அரசுத் தரப்பு. 2021 ஆகஸ்டில் அமர்வு நீதிமன்றம் ஏழு பேருக்குத் தூக்கும் இருவருக்கு ஆயுளும் விதித்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. ஒரே சாட்சியத்திலிருந்து தூக்கும் விடுதலையும் பிறக்க முடியுமென்றால், புலன்விசாரணை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சமரசம், அதன் எல்லை

உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இடையிலான சிறு காய வழக்குகளில் சமரசமே சிறந்த வழி. சட்டப்படி சமரசத்துக்கு உட்படாத குற்றமானாலும், தண்டனைக்குப் பின் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதுகூட, தக்க வழக்குகளில் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் வழக்கை முடித்துவைக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ராம்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முதன்முறை தவறியவர்களை, சிறைக்குப் பதில் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

ஆனால் 'நிலத் தகராறு' என்ற பெயர் எல்லா வேளையிலும் நடுநிலையான பெயராக இருப்பதில்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பண்டாரா மாவட்டம் கைர்லாஞ்சியில் தலித் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டதன் பின்னணியில், அவர்கள் நிலத்தின் வழியே பாதை கேட்ட தகராறும் இருந்தது. ஆறு பேருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2010 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்து, சாதி நோக்கம் நிறுவப்படவில்லை என்று கூறியது இன்றும் விவாதப் பொருள். ஒரு தரப்பு ஊரையே கையில் வைத்திருக்கும்போது சமரசம் என்பது மிரட்டலின் மறுபெயராகிவிடும். அத்தகைய வழக்குகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்பாதிருப்பதே நீதி.

செய்யக்கூடியவை

முதல் வேலை நீதிமன்றத்துடையது அன்று, நில அளவைத் துறையுடையது. வரப்பு, பாதை பற்றிய புகார் காவல் நிலையத்துக்கு வந்தவுடன், அடிதடி நடக்கும் வரை காத்திராமல், தாசில்தாரும் நில அளவரும் ஒரு மாதத்துக்குள் கூட்டாக அளந்து எல்லைக்கல் நட்டு, உட்பிரிவு வரைபடத்தைச் சாத்-பாராவோடு இணைக்க வேண்டும். அமைதிக்குப் பங்கம் வரும் எனத் தோன்றினால், உரிமை யாருக்கு என்று ஆராயாமல் சுவாதீனம் யாரிடம் என்று மட்டும் முடிவுசெய்யும் அதிகாரம் நிர்வாக நடுவருக்குக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சண்டைக்குப் பின் பயன்படுத்துவதால் பயனில்லை.

வயல்பாதையையோ நீர்வாய்க்காலையோ மறித்தால், ஆறு மாதத்துக்குள் தாசில்தாரிடம் மனு கொடுத்துத் தடையை நீக்கிக்கொள்ள 1906-ஆம் ஆண்டின் மாம்லத்தார் நீதிமன்றச் சட்டம் வழி செய்கிறது. அடிதடிக்குப் போகிறவர்கள் பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு தலாட்டி அலுவலகச் சுவரிலும் அந்த ஆறு மாதக் கெடுவை எழுதி வைப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

ஒருவர் நிலம் மற்றவர் அனுபவத்திலும், அவர் நிலம் இவர் அனுபவத்திலும் 12 ஆண்டுக்கு மேல் இருந்தால், முத்திரைத் தீர்வை 1,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய் மட்டும் செலுத்தி மாற்றிக்கொள்ள மகாராஷ்டிர அரசு 2023-ல் 'சலோகா' திட்டம் கொண்டுவந்தது. சலோகா என்றால் இணக்கம். இதைக் காலக்கெடு இல்லாத நிரந்தரத் திட்டமாக்கி, எதிர்வழக்குகள் நிலுவையிலுள்ள குடும்பங்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையமே தேடிச் சென்று சொல்ல வேண்டும்.

காவல்துறைக்கு, 588-ஏ போன்ற விதியை மகாராஷ்டிரமும் எழுத்தில் வகுப்பது நலம். மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், வழக்கை நடத்த முகாந்திரம் உண்டா என்று 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய, துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பத்திரத் தகராறுகளில் அதை வழக்கமாகவே ஆக்கலாம். சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் மரத்தையும் ரத்தக்கறையையும் குறிக்கும் காவலர், நில எண்ணையும் எல்லைக்கல்லையும் குறிக்கப் பழக வேண்டும்.

விசாரணை நீதிமன்றங்கள் சுவாதீனம் பற்றிய முடிவைத் தனி விடயமாக எழுதினால் மேல்முறையீட்டில் பாதி வேலை குறையும். உயர் நீதிமன்றம், ஒரே சம்பவத்திலிருந்து வந்த வழக்கு, எதிர்வழக்கு மேல்முறையீடுகளை ஒன்றாகப் பட்டியலிட்டு, சிறையில் இருப்பவர்களுடையதையும் முதியவர்களுடையதையும் முதலில் எடுக்க வேண்டும். புனே மாவட்ட மேல்முறையீடுகளுக்குக் காணொளி வழி விசாரணையை உரிமையாகவே அளிப்பது, தனி அமர்வு கிடைக்கும் வரையிலான குறைந்தபட்ச ஆறுதல்.

புனேயில் வேலை பார்த்து அங்கேயே மனை வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாத்-பாராவில் விற்பவரின் பெயர் இருப்பதோடு நின்றுவிடாமல், அவருடைய பங்கு அளந்து பிரிக்கப்பட்டதா, 'இதர உரிமைகள்' பத்தியில் என்ன எழுதியிருக்கிறது, வதன் நிலமா, இப்போது அதில் பயிர் வைத்திருப்பவர் யார் என்பவற்றை நேரில் போய்ப் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அரசு தன் அதிகாரத்தில் தயாரித்த நில வரைபடத்தைச் சரியானதென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றும், ஒரு வழக்குக்காகவே வரைந்த வரைபடத்தைச் சரியென்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும் என்றும் 2024 ஜூன் வரை நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது, அதற்கு மாற்றாக வந்த சட்டமும் அதையே சொல்கிறது. மாநில நில அளவைத் துறையின் தலைமை அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் புனேயில் சில கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. சண்டைக்கு முன் அளக்க மனு கொடுப்பவர் முதல் அலுவலகத்தோடு வீடு திரும்பலாம்.